பதினைந்து ரொட்டி உருண்டைகள்

கோர்கோபாஸ் மாமா, கடற்சங்கிலிருந்து சாயமெடுக்கும் தன் பட்டறையைச் சாத்திவிட்டு ஸ்பார்ட்டாவுக்குப் புறப்பட்டது, ஹயாகிந்தோஸ் திருவிழா முடிந்த மறுநாள். வழியனுப்ப கிதியோன் துறைமுகமே திரண்டிருந்தது.

"ஸ்பார்ட்டாக்காரரா ஆகப் போறாராம்! அங்க பன்னி ரத்தத்துல ரசம் வைப்பாங்க. ஒரு வாய் குடிச்சதும் ஓடி வந்துருவாரு, பாருங்க," என்றாள் திமாரெதா அத்தை.

"உன் சமையலையே இருபது வருஷமாத் தின்னுட்டு உசுரோட இருக்கேன்டி!"

மாமா சிரித்தாலும் உள்ளுக்குள் உதறல்தான். அசல் ஸ்பார்ட்டாக்காரர்கள் எழுநூறு பேராகச் சுருங்கிப்போய், நிலமெல்லாம் சில வீடுகளில் குவிந்து கிடந்தது. புது அரசர் அதைப் பிரித்துக் கொடுத்து, எங்களைப் போன்ற சுற்றூர்க்காரர்களையும் குடிமக்களாக்க ஆணையிட்டிருந்தார். ஆனால் அங்கே ஆண்கள் தினமும் கூடி உண்ணும் பந்திகளில் ஒன்று சேர்த்துக்கொண்டால்தான் குடிமகன். பந்தியிலுள்ள பதினைந்து பேரும் ஆளுக்கொரு ரொட்டி உருண்டையை, பணியாள் தலையில் சுமந்து வரும் கிண்ணத்தில் போடுவார்கள். ஒன்றே ஒன்று நசுங்கியிருந்தாலும் வந்தவர் திரும்ப வேண்டியதுதான். நசுக்கியவர் யாரென்று யாரும் சொல்லக் கூடாது.

அந்தப் பந்தியின் மூத்தவர் நிகாந்திரிதாஸ். "சாயக்காரன் கையில சங்கு நாத்தம் அடிக்குமே, பக்கத்துல எப்படி உக்கார்றது?" என்று முன்கூட்டியே முகம் சுளித்தவர்.

அவரைக் குளிரவைக்க மாமா ஒரு யோசனை செய்தார். துறைமுகத்திலிருந்து கோதுமை மாவு வரவழைத்து ரொட்டி போடச் செய்தார், சுடச்சுட, பஞ்சுபோல. பதினைந்து பேரும் அதையே பிய்த்து உருட்டிப் போட்டார்கள். கிண்ணத்தை இறக்கிப் பார்த்தால் பதினைந்தும் தட்டை!

"யாருய்யா நசுக்கினது?"

"சத்தியமா நான் இல்ல."

"நானும் இல்லப்பா!"

நிகாந்திரிதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மடையங்களா, நசுக்கினது நான் ஒருத்தன்தான்! மிச்சதெல்லாம் இவன் கொண்டாந்த ரொட்டி தானா அமுங்கினது. தனக்கு எதிராவே பதினாலு உருண்டை போட்டுக்கிட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். விதியை மீறியவரே மூத்தவர் என்பதால், மறுநாள் மறுபடி போடுவதென்று முடிவாயிற்று. இந்த முறை பந்தியின் சொந்த ரொட்டி, கல்போன்ற பார்லி. மாமா வாசலில் நகம் கடித்துக்கொண்டு நின்றார்.

பதினைந்தும் உருண்டை.

"வேற வழி? ஒண்ணு நசுங்கினாலும் என் தலைதானே உருளும்," என்று முனகியபடி நிகாந்திரிதாஸ் தன் பக்கத்தில் இடம் விட்டார். ஊருக்கு வந்த மாமா இதையெல்லாம் நடித்துக் காட்டினார். அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கைந்து ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. போரில் தோற்ற அரசர் எங்கள் துறைமுகத்திலிருந்தே கப்பலேறிப் போய்விட்டார். நிலங்கள் பழைய வீட்டார் கைக்குத் திரும்பின. அப்போது நான் வாழ்க்கைப்பட்டு ரோட்ஸ் தீவில் இருந்தேன். மாமா உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஒரு மாலுமி ஓட்டுச் சில்லொன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் மாமாவின் கோணல் எழுத்து:

"கால்ல ஈட்டி பாஞ்சுது, ஆறிப்போச்சு. நிலம் போச்சு. பந்தியில நாங்க ஆறு பேருதான் மிச்சம். புது அதிகாரி வந்து, பழைய அரசர் சேர்த்த ஆளுன்னு என்னைப் பந்தியிலேர்ந்து எந்திரிக்கச் சொன்னான். நிகாந்திரிதாஸ், 'இவன் எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன், அப்புறம் நீயே உக்காந்து தின்னு'ன்னுட்டார். அவன் போயிட்டான். நான் உக்காந்துதான் இருக்கேன். அத்தையும் இங்க வந்துட்டா. நீ எப்பம்மா வர்றே?"