மூன்று இதயம் உள்ள என் சூப்பர் ஹீரோ

நான்கு வருஷமாக நான் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரைவது உங்களுக்குத் தெரியும். ஹீரோ வேற்றுக்கிரகவாசி. அவன் இனத்தின் உடற்கூறுக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலை மட்டாஞ்சேரி மீன் கடையில் வரிசையில் நின்றபடி மொபைலில் அட்டைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் வெட்டித் தரும் ஜமீலாக்கா எட்டிப் பார்த்தார்.

"யாராக்கும் இது?"

பெருமை தாங்கவில்லை. "வேற கிரகத்து ஆளு, அக்கா. மூணு இதயம். ரத்தம் நீலம். நெனச்சா நெறம் மாறுவான். கையை வெட்டினா திரும்ப முளைக்கும்."

அவர் கூடையிலிருந்து ஒரு கணவாய் மீனை எடுத்துப் பலகையில் போட்டுப் பிளந்தார். கத்தி நுனியால் உள்ளே மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணிக்கோ மோனே."

அதன் கையொன்றை நறுக்கி என் பக்கம் தள்ளினார்.

"முளைக்குதான்னு நின்னு பாரு."

வரிசையே சிரித்தது.

"என் ஆளு முந்நூறு வருஷம் வாழ்வான்" என்றேன், விடாமல்.

"இது முட்டை போட்டதும் செத்துரும். ரெண்டு வருஷம் தாண்டாது. அது கெடக்கட்டும், உனக்கு வேற ஜோலி ஒண்ணும் இல்லியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "க்ளீன் பண்ணணுமா, இப்படியே வேணுமா?"

மதியம் என் ஹீரோவை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிட்டேன். நான்கு வருஷத்தில் அந்த நோட்டில் எழுதாமல் விட்டது ருசி ஒன்றுதான்.

அடுத்து வில்லனுக்கு ஓர் இனம் வேண்டும். யோசனை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஜமீலாக்காவின் பலகையில் படுக்காத உடம்பாக இருந்தால் போதும்.