காரின் முன் இருக்கை

என் அப்பா பஹ்ரைனில் வக்கீலாக இருந்தார் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மதுரைக் கோர்ட்டில் பத்து வருடம் வாதாடியவர், அந்தத் தீவுக்கு வந்தபின் நீதிபதி முன் வாய் திறந்ததில்லை. அங்கே வாதாடும் உரிமை வெளிநாட்டுக்காரர்களுக்குக் கிடையாது. அப்பா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார், ஒருவர் அதை அரபியில் மாற்றுவார், அரபி வக்கீல் எழுந்து பேசுவார். அப்பாவின் கறுப்புக் கோட்டு பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் தொங்கியது.

எனக்கு அது பெரிய அவமானம். பள்ளி வேனில் என் பக்கத்தில் உட்காருபவன் ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் மேனேஜர் மகன். தினமும் சீண்டுவான்.

"உங்கப்பா லாயர் இல்லடா, டைப்பிஸ்ட். கோட் போட்டு ஒரு நாளாச்சும் பாத்திருக்கியா?"

அப்போது அப்பாவிடம் ஒரு வழக்கு இருந்தது. அதே கம்பெனியில் டைல்ஸ் வெட்டும் மெஷினில் மூன்று விரல்களை இழந்த ராமநாதபுரத்து இளைஞர் ஒருவருடையது. விபத்தன்று அவர் டூட்டியிலேயே இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. இருந்தார் என்று சொல்ல முன்வந்தவர் கேம்ப் சமையல்காரர் ஒருவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயை ஆறவிட்டபடியே பேசினார்.

"அன்னைக்குக் காலைல நான்தான் சார் அந்தத் தம்பிக்குச் சோறு கட்டிக் குடுத்தேன். கோர்ட்டுல வந்து சொல்றேன். அதுக்குள்ள வெளிய தெரிஞ்சா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, என்னைய பிளைட் ஏத்திருவாக."

"இந்தச் சுவத்தைத் தாண்டாது, அண்ணே" என்றார் அப்பா.

சுவருக்கு மறுபுறம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பள்ளி நாளில் வேனில் அவன் மறுபடி "டைப்பிஸ்ட்" என்றான்.

"எங்கப்பா உங்க கம்பெனியவே தோக்கடிக்கப் போறாரு. உங்க குக் அங்கிளே வந்து சாட்சி சொல்லப் போறாரு, பாத்துக்க" என்றேன். அவன் முகம் சுருங்கியது எனக்கு இனித்தது.

அந்த வாரமே சமையல்காரருக்கு, கேட்காமலே லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன். அன்று மாலை அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வேன்ல யாரு பக்கத்துலடா உக்காருவே?"

பெயரைச் சொன்னேன்.

"சரி. நாளைலருந்து நானே கொண்டு விடுறேன்."

வழக்கு தோற்றது. விரல் இழந்தவர் ஊருக்குப் போகுமுன் விடைபெற வந்தார். வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் எனக்கு ஒரு சாக்லேட் நீட்டினார். வாங்கித் தின்றேன். சாட்சி விஷயம் வெளியே போனதைப் பற்றி அப்பா சாகும்வரை பேசவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. தலை நரைக்கத் தொடங்கிய இந்த வயதில் எழுதுகிறேன்: சொன்னது நான்தான்.

ஆனாலும் என் சிறுவயதில் அந்தக் காலைகளைப் போல் வேறெதுவும் இல்லை. முன் இருக்கையில் நான், அப்பாவின் ஷேவிங் சோப்பு வாசனை, ரேடியோவில் மலையாளப் பாட்டு, பாலத்தின் இருபுறமும் பச்சைக் கடல். வேன் எங்களைத் தாண்டினால் பெருமையாகக் கையாட்டுவேன். எதற்கோ கிடைத்த பரிசு என்றே நம்பினேன். போன் வந்தால் மட்டும் அப்பா காரை ஓரங்கட்டி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்று பேசுவார். காருக்குள் சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.