அக்கி எழுதிய கண்ணுக்கு நான் கொடுத்த நெகட்டிவ்

ஒரே ஒரு ரிப்போர்ட்டைத்தான் நோயாளியின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

அப்போது உப்பளம் ஏரியாவில் ஒரு சின்ன லேபில் வைரஸைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். டெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் அஞ்சலைக்கு இடது நெற்றியிலும் இமையிலும் புண். கெமிக்கல் தெறித்ததா, ஹெர்ப்பிஸ் வகை வைரஸா என்று கண் டாக்டருக்குச் சந்தேகம். கெமிக்கல் என்றால் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. வைரஸாக இருந்து அதைப் போட்டால் கண்ணே போய்விடலாம். அதனால் புண்ணில் ஸ்வாப் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்.

எங்கள் டெஸ்டில் கம்ப்யூட்டர் திரையில் நான்கு கோடுகள் வரும். ஹெர்ப்பிஸ் வகையில் எச்.எஸ்.வி. ஒன்று, இரண்டு, அக்கியை உண்டாக்கும் வி.இசட்.வி. என்று மூன்று. நான்காவது இன்டர்னல் கன்ட்ரோல். வைரஸே இல்லாவிட்டாலும் அது மேலே ஏற வேண்டும். ஏறினால்தான் டெஸ்ட் நடந்தது என்று அர்த்தம். அன்றைக்கு முதல் மூன்றும் ஏறவில்லை. நெகட்டிவ் என்று அடித்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்காவதைப் பார்க்கவே இல்லை. பதினோரு வருஷ அனுபவம் தந்த திமிர், வேறென்ன?

ரிப்போர்ட் வாங்க அஞ்சலையே வந்தார். கவரைக் கொடுக்கும்போது கவனித்தேன், தலைமுடி ஓரத்தில் செம்மண் நிறம்.

“என்னம்மா இது, செவப்பா?”

“அக்கின்னு கொயவர்கிட்ட புண்ணு மேல காவில எழுதிக்கினேன் மேடம். டாக்டர் திட்டுவாருன்னு தொடச்சிட்டுத்தான் போனேன்.”

காவியில் இருக்கும் இரும்பு ஸ்வாபில் ஒட்டி வந்தால் பி.சி.ஆர். வேலையே செய்யாமல் போகலாம். கவரைப் பிடுங்கிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் ஓடினேன். நான்காவது கோடும் படுத்துத்தான் கிடந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

“சார், அந்த ரிப்போர்ட் செல்லாது. ஸ்டீராய்டு குடுத்துடாதீங்க.”

“நெகட்டிவ்னு பாத்துட்டு சீட்டே எழுதி வெச்சிட்டேனேம்மா!”

“கிழிச்சிடுங்க சார். தப்பு என்னுது.”

அன்றே டாக்டர் காவியைச் சலைனில் கழுவி, புதுக் கொப்புளம் ஒன்றைத் திறந்து, அடியிலிருந்து ஸ்வாப் எடுத்து அனுப்பினார். இந்த முறை கன்ட்ரோல் ஏறியது. வி.இசட்.வி.யும் ஏறியது. சாயந்திரமே வைரஸ் மாத்திரை ஆரம்பித்தார்கள். கண் தப்பியது.

மூன்று வாரம் கழித்து அஞ்சலை லேபுக்கு வந்தார், இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“அக்கின்னு கொயவரு பாத்ததுமே சொல்லிட்டாரு. ஒங்க மிசினுக்கு ரெண்டு வாட்டி காட்டணுமா?”

“மிசின் மொத வாட்டியே தெரியலன்னு ஒத்துக்கிச்சும்மா. நான்தான் ஒத்துக்கல.”

இப்போதெல்லாம் நான்காவது கோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். புண்ணில் என்ன பூசினீர்கள் என்றும் கேட்கிறேன், திட்டுகிற குரலில் இல்லாமல்.