"தெரியாதுங்க" என்று சொன்னவள்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபது வருடமாகத் துணி தேய்க்கிறாள். எல்லாருக்கும் அவள் இஸ்திரி அக்கா. எப்போதும் சிடுசிடுவென்றிருக்கும் மேற்பார்வையாளரைக் காட்டி, "அவர் மூஞ்சியையும் ஒரு தேய் தேய்ச்சு விடுங்கக்கா" என்பார்கள் கூட வேலை செய்கிற பெண்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். இருபது வயதைத் தாண்டியதும் அவனுக்கு மனநிலை குலைந்தது. மருந்தைத் துப்பிவிடுவான், சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவான். தேடிப்பிடித்துக் கூட்டி வருவாள். ஏழு வருடத்துக்கு முன், அவளுடைய வேலை நிரந்தரமான அதே வாரத்தில், ஒரு மத்தியானம் அழுக்குச் சட்டையும் வெறுங்காலுமாகச் சலவைக்கூடத்து வாசலில் நின்று, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும்மா அது? உங்களுக்குத் தெரிஞ்சவனா?" என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியாதுங்க" என்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

காவலாளி அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். அவன் முரண்டு பிடிக்கவில்லை. அதைத்தான் பிறகு அவளால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் வீட்டில் அவனைக் காணோம். பஸ் நிலையம், ரயில் நிலையம், போலீஸ் என்று அலைந்தாள். ஆறு வருடம் ஒரு தகவலும் இல்லை.

ஞாயிறு தவறாமல் சர்ச்சில் ஆராதனைக்குப் போவாள். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்திருக்க மாட்டாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மற்றவர்கள் ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் அவள் இரண்டு வேளை விடுவாள். தன் பசியால் அந்த ஒரு வார்த்தையை அழித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. வீடு என்பது ஒற்றை அறை. பேச ஆளில்லை.

போன வருடத் தவக்காலத்தில் ஒரு காலை, மேற்பார்வையாளர் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். "ஏம்மா, உங்களுக்குத் தம்பி யாராவது இருக்காங்களா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இருக்கான். ஒரு நாள் இங்கேயே வந்தான். தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

வெளியூரில் ஆதரவற்றோர் இல்லம் நடத்தும் ஒரு பெண் போனில் பேசினாள். "இத்தனை வருஷம் பேச்சே இல்லாம இருந்தாரு. இப்போ ஒரு மாசமா, அக்கா ஆஸ்பத்திரியில துணி தேய்க்கிறாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா கேட்டுப் பார்த்தோம். நீங்க பதினொண்ணாவது."

மறுநாளே போனாள். தம்பி மரத்தடி பெஞ்சில் இருந்தான். முன்பல் இரண்டு இல்லை. சட்டை துவைத்திருந்தது, நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அவள் அழுதுகொண்டே, "தெரியாதுன்னு சொல்லிட்டேன்டா" என்றாள்.

அவன் நகர்ந்து இடம் விட்டான். "உட்காருக்கா. காலு வலிக்கும்."

மறந்துவிட்டானா, மன்னித்துவிட்டானா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் போதகரிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்: "நான் கைவிட்டேன் ஐயா. ஆண்டவர் யாரோ ஒருத்தர் கையால அவனுக்கு நகம் வெட்டிவிட்டுக்கிட்டு இருந்திருக்கார்."

அவனுக்கு முழுசாகக் குணமாகவில்லை. இல்லத்தை விட்டு வரவும் மாட்டேன் என்கிறான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவள் பஸ் ஏறுகிறாள். சில நாள் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். போன முறை இல்லத்துச் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்குப் பேச மாட்டார் போல. நீங்க கிளம்புங்கம்மா" என்றார்.

"பரவாயில்லைங்க, இருக்கேன்" என்றாள்.