சர்ட்டிபிகேட்டில் இரண்டு சொற்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்பது வருஷம் ஆசிரியை. ராஜபாளையத்தில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். மதுரையிலிருந்து பி.ஏ. படித்த ஒருத்தியும் போட்டிருந்தாள். எனக்கோ, எங்கள் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா தரும் சர்ட்டிபிகேட் ஒன்றுதான் பலம்.

கேட்ட அன்றே எழுதிக் கொடுத்தார். ‘ஃபெய்த்ஃபுல், ஒபீடியன்ட்’ என்றிருந்தது. விசுவாசமுள்ளவள், கீழ்ப்படிகிறவள். வேதக்கோயில் பிரசங்கத்தில் இந்த இரண்டையும் கேட்டே வளர்ந்தவள் நான், உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. போன மாதம் மிஸ்ஸியம்மாவின் பங்களாச் சமையல்காரர் வேலையை விட்டு நின்றபோது, மிஸ்ஸியம்மா கொடுத்த கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நானே. அதிலும் இதே இரண்டு சொற்கள். நாணயமான மனிதர், அவருக்குத் தகும். ஆனால் சீமையிலிருந்து வந்து ஆறே மாதம் இருந்துவிட்டுப் போன சின்ன மிஸ்ஸியம்மாவுக்கு ‘ஏபிள்’, திறமையுள்ளவள் என்று எழுதியிருந்தார். அதற்கு நகல் எடுத்தவளும் நான்தான். வேதத்தில் பெரிதாக இருக்கிற சொல், சர்ட்டிபிகேட்டில் வேலைக்காரருக்கு என்று ஆகிவிடுகிறது. இதைப் படித்தால் ராஜபாளையம் பள்ளிக் கமிட்டியார் எனக்கு ஆயா வேலைதான் தருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏட்டி, வெள்ளக்காரி எழுதுனத மாத்தச் சொல்லப் போறியா? இருக்க வேலையும் போயிரும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“போனாப் போவுது” என்று கிளம்பிவிட்டேன்.

மிஸ்ஸியம்மா தம் வேதாகமத் தமிழில் கேட்டார்: “நான் உன்னைப் புகழ்ந்தல்லவோ எழுதினேன்?”

“சமையக்காரருக்கும் இதத்தானம்மா எழுதுனீங்க. சின்ன மிஸ்ஸியம்மாவுக்கு ஏபிள்னு எழுதுனீங்க. அவிய காய்ச்சல்ல படுத்தப்பல்லாம் அவிய வகுப்பையும் நாந்தான் நடத்துனேன்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

“கீழ்ப்படிகிறவள் என்பதை எடுத்துவிடவோ?”

“எடுத்துருங்கம்மா. இப்ப நான் வந்து நிக்கதப் பாத்தா அது பொய்யாவுல்லா போயிரும்?”

சிரித்துவிட்டார். ‘ஏபிள்’ என்று புதிதாக எழுதினார். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் ராஜபாளையத்தில் தலைமையாசிரியை ஆனேன். ஆனால் எனக்குப் பெருமை அதில் இல்லை. மை காயும் வரை எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, “உட்காரும்” என்றார் மிஸ்ஸியம்மா. ஒன்பது வருஷத்தில் அன்றுதான் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.