பொம்மைக்குக் கிடைத்த மரியாதை

ஹவாய்த் தீவுகளில் வழக்கொழிந்திருந்த பொம்மை நடனத்தை இப்போது மீட்டெடுக்கிறார்கள். கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு, அது ஆடுவதுபோலவே தாங்களும் ஆடுகிறார்கள். போனில் அதைப் பார்த்ததும் எனக்கும், என்னோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் தோழிக்கும் ஆசை வந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டையில் முகம் வரைந்து, பழைய சட்டைத் துணி தைத்து, ஆளுக்கொன்று செய்தோம்.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில், அக்கரப்பத்தனை மலையில் இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்தபோது எங்களை வேலைவாங்கும் கடுகடுப்பான கங்காணி வந்து நின்றார். தோழி அப்படியே நின்றுவிட்டாள். என் பொம்மை மட்டும், "கங்காணி, ஆட வர்றீங்களா?" என்றது.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பொம்மையிடம், "முழங்கால் வலிங்க. இல்லாட்டி ஆடுவேங்க" என்றார்.

எங்களிடம் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசாதவர். பிறகு தோழியின் பொம்மையை வாங்கி மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஆட்டினார். சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.