முழங்கையில் கறுப்புக் கோடு

கார்டு விசில் ஊதிய பிறகுதான் காசிலிங்கம் அண்ணாச்சி எழுந்திருப்பார். அதுவரை எஸ்-5 பெட்டியின் சன்னலோர இருக்கையில், வலது முழங்கையைச் சன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, சென்னைக்குப் போகிறவர் போலவே உட்கார்ந்திருப்பார். எதிரே இருப்பவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "அண்ணாச்சி எதுவரைக்கும்?" என்று கேட்டால், "இங்கனதான்" என்பார். வண்டி ஒரு குலுக்கல் போடும்போது கதவருகே நிற்பார். நகரத் தொடங்கியதும் பிளாட்பாரத்தில் கால் வைப்பார். ஒரு நாளும் தடுமாறியதில்லை. பிளாட்பாரம் டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்ததும் இல்லை.

அந்த இருக்கை மதுரையில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கும் இடம், தூத்துக்குடியிலிருந்து எப்போதும் காலியாகவே கிளம்பும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் அவருக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு மொத்த வியாபாரம். சொந்த ஊர் உடன்குடி. வயது அறுபதுக்கு மேல். கடையைச் சாத்தியதும் நேரே ஸ்டேஷன்தான். முத்துநகர் எக்ஸ்பிரஸை வழியனுப்பிய பிறகுதான் வீட்டில் சாப்பாடு. "நான் ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டவ. மூத்தவ தண்டவாளத்துல ஓடுதா" என்று அண்ணாச்சி வீட்டு மதினி என் மனைவி ரேச்சலிடம் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் அதே தெருவில் குடியிருக்கிறோம். நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அண்ணாச்சி தரும் கருப்பட்டிக்காக அவருடைய ரயில் கதைகளைக் கேட்க ஆரம்பித்து, பிறகு கருப்பட்டி இல்லாமலே கேட்கிறவன் ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் மணியாச்சி வரை போவார். அங்கே எஞ்சின் மாற்றுவதை நின்று பார்த்துவிட்டு, ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். செல்போனில் மணிக்குப் பதிலாக டீசல் எஞ்சின் ஹாரன் வைத்திருந்தார். கடையில் அது அலறும்போது புதிதாக வந்த வியாபாரி யாராவது ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஒரே ஒரு தடவை திருநெல்வேலி போய் வந்தே பாரத்தில் ஏறினார். திரும்பி வந்து, "சன்னலத் திறக்க முடியலயே தம்பி. பிரிட்ஜுக்குள்ள வச்ச மீனு மாதிரி போயிட்டு வந்தேன்" என்றார்.

வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். முழுக்கைச் சட்டை. பயணம் போய் வந்த சட்டையில், வலது முழங்கைக்குக் கீழே சன்னல் விளிம்பின் அழுக்கு ஒரு கறுப்புக் கோடாக விழுந்திருக்கும். எந்தச் சோப்புக்கும் முழுதாகப் போகாது. அவருடைய அக்கா செல்லக்கனி தாம்பரத்தில் இருக்கிறார். தம்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதும், முதல் வேலையாக வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஏலே, வழியெல்லாம் தூங்காம வேடிக்கதான் பார்த்தியாக்கும்" என்பாராம். சின்ன வயதிலிருந்து அந்தச் சட்டைகளைத் துவைத்துப் போட்டவர் அவர்தான்.

அண்ணாச்சி முதல்முதலாக விமானம் ஏறியது நான்கு வருஷங்களுக்கு முன். அத்தானுக்கு நெஞ்சுவலி என்று தகவல் வந்து, வாகைகுளம் விமான நிலையம் போய்க் கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார். அவர் போய்ச் சேரும்முன் அத்தான் போய்விட்டார். அக்காவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. 'ஐசியுவில இருக்காவ, கண்ணு முழிச்சிட்டாவ' என்று சமாளித்து வைத்திருந்தார்கள். அண்ணாச்சியும் முகத்தைத் துடைத்து, ஒன்றும் நடக்காதது போல உள்ளே போனார். அக்கா வழக்கம்போல அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். சட்டை இஸ்திரி போட்டபடியே வெள்ளையாக இருந்தது. "பிளேன்ல வந்தியா" என்று கேட்டார். பிறகு தாலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். யாரும் வாய் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தடவை, மணப்பாட்டு இஞ்ஞாசியால் வந்தது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தலைமை மாலுமியாக இருந்தவர், அண்ணாச்சியின் ரொம்பக்கால நண்பர். அண்ணாச்சிக்கு விமானம் என்றாலே முகம் மாறுகிறது என்று கேலி செய்வார். "வே, அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. என்னத்துக்குக் கெடந்து நடுங்குதீரு?" சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் அவரே விமானத்தில் டிக்கெட் போட்டார். அன்றைக்கு இஞ்ஞாசிக்கு மணப்பாட்டிலிருந்து கிளம்பத் தாமதம். "நீரு ஏறும்வே, நான் அடுத்ததுல வாரேன்" என்று போனில் சொன்னார். அண்ணாச்சி ஏறினார். சென்னையில் இறங்கி போனைத் திறந்தபோது அந்த எஞ்சின் ஹாரன் அடித்தது. இஞ்ஞாசி வரும் வழியிலேயே காருக்குள் சாய்ந்துவிட்டார் என்று அவர் வீட்டுப் பெண் யாரோ அழுதாள். அதற்குப் பிறகு அண்ணாச்சி போனில் ஹாரனை எடுத்துவிட்டார்.

இரண்டே தடவைதான். ஆனால் எங்கள் தெருவுக்கு அது போதும். அவர் ஏறிய ஆட்டோ பாளையங்கோட்டை ரோட்டில் மேற்கே, வாகைகுளம் பக்கம் திரும்பினால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். ஒரு முறை உறவினர் ஒருவரை அழைத்துவர வாகைகுளம் போனார். அவர் திரும்புவதற்குள் தெருவில் நான்கைந்து வீடுகளிலிருந்து வெளியூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு போன் போய்விட்டது. இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ரேச்சலிடம் சொல்வேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது.

நம்பிக்கை கிடையாதவன் என்ன செய்தேன் என்றும் சொல்லவேண்டும். போன ஆவணியில் ஒரு நாள், ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போகக் காலை முதல் விமானத்துக்கு நின்றேன். காத்திருக்கும் இடத்தில், ஒரு மூலையில், கையில் பை எதுவும் இல்லாமல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் போகவில்லை. முதலில் வெளிப்பக்கம் திரும்பி நின்று ரேச்சலைக் கூப்பிட்டேன்.

"பிள்ள எழுந்திருச்சாளா? நல்லா இருக்காளா?"

"இப்பத்தானே வீட்டவிட்டுப் போனீய. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அவரருகில் போய் உட்கார்ந்தேன்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"யாருக்குமில்ல" என்றார். சட்டைக் கையை இழுத்துவிட்டு, "இன்னும் இல்ல" என்றார்.

அக்காவுக்கு நுரையீரலில் சளி கட்டி, நாலு நாளாக ஆஸ்பத்திரி. முந்தின இரவு அவர் வழக்கம்போல எஸ்-5இல் உட்கார்ந்து, விசில் ஊதியதும் இறங்கியிருக்கிறார். வண்டியின் பின்விளக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் அக்கா மகள் முத்துச்செல்வியின் போன். 'மாமா, டாக்டர் பார்க்கவேண்டியவங்கள வரச் சொல்லுதாரு.' அடுத்த வண்டி மறுநாள் இரவுதான். அதற்குள் என்ன ஆகுமோ. காரில் போகச் சொல்லி மதினி சொன்னாராம். ஆனால் அவர் யாரோ தள்ளிக்கொண்டு வந்ததைப் போல இங்கே வந்துவிட்டார்.

"அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல உக்காந்திருந்தாப் போதும் தம்பி, போயிருப்பேன். நான் இறங்காம இருந்திருக்கலாம்" என்றார். "இப்ப இந்தச் சட்டையோட போயி நின்னா, அக்கா கையத் திருப்பிப் பாப்பா. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டாம். அவளே உசுர விட்டுருவா."

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அப்போது அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேத்து வண்டி தாம்பரம் வந்தாச்சு" என்றார். சொல்லிவிட்டு வலது முழங்கையை இடது கையால் தேய்த்துக்கொண்டார், அங்கே குளிர் ஏறிவிட்டது போல.

விமானத்தில் சன்னலோரம்தான் அவருக்கு இடம். மறைப்பை இழுத்து மூடிவிட்டார். கீழே உப்பளங்கள் விடியல் வெயிலில் கண்ணாடிச் சில்லுகளாகத் தெரியும் நேரம்; ஆனால் அவர் எதையும் பார்க்கவில்லை.

சென்னையில் இறங்கியதும் நான் எதிர்ப்பக்கம் போகவேண்டியவன். அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. டாக்சிக்குக் கை காட்டினேன். அவர் என் கையை இறக்கிவிட்டு, ரோட்டைத் தாண்டி திரிசூலம் ஸ்டேஷனைக் காட்டினார். தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். சன்னலோரம் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். "எம்மா, கொஞ்சம் எடம் தாரியா" என்று கெஞ்சி அந்த இடத்தை வாங்கினார். முழங்கையைச் சன்னல் விளிம்பில் வைத்து, தச்சன் இழைப்புளி போடுவதுபோல முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தூசு ஒட்டியது, கோடு விழவில்லை. கம்பியின் அடிப்பக்கம் இருந்த பிசுக்கை நான்தான் காட்டினேன். தாம்பரம் வருவதற்குள் ஒரு கறுப்புக் கோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் முத்துச்செல்வி நின்றாள். "வண்டி லேட்டுன்னு சொல்லு, என்ன" என்று அவளிடம் சொன்னார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை.

அக்கா தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு இருந்தார். கட்டிலையொட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. தம்பியைப் பார்த்ததும் கையை நீட்டினார். வலது கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். கறுப்புக் கோட்டை விரலால் தடவினார்.

"ஏலே" என்றார் அக்கா, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "திரும்ப எதுக்கு வந்தே? காலையிலதான வந்து உக்காந்துட்டுப் போனே."

அண்ணாச்சி குனிந்து தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

"அப்பவும் இந்தக் கோடு இருந்துச்சு. இத விடப் பெருசா இருந்துச்சு."

முத்துச்செல்வி என்னிடம் மெல்ல, "விடிஞ்சதுலருந்து இதத்தான் சொல்லுதாவ. தம்பி வந்திருக்கான், நாற்காலி எடுத்துப் போடு, காப்பி குடுன்னு. நான் போட்டேன். மருந்து மயக்கம்னு நர்ஸ் சொன்னாவ" என்றாள். எந்த நேரம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. அக்கா உட்காரச் சொன்னார். அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். நான் கிளம்பும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

அக்கா பிழைத்துக்கொண்டார். புது மருந்து கேட்டது என்றார் டாக்டர். நான் டாக்டர் பக்கம்தான். ஆனால் அண்ணாச்சி அதற்குப் பிறகு ரயிலில் போவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அக்காவைப் பார்க்க விமானத்தில்தான் போய் வருகிறார். ரயிலே உயிர் என்று இருந்த மனிதர், மணியாச்சிக்குக் கூட இப்போது போவதில்லை; ராத்திரி வண்டியை வழியனுப்ப மட்டும் ஸ்டேஷனுக்குப் போவார். ஏன் என்று கேட்டேன். "அங்கன ஆள் இருக்கு தம்பி, எனக்கு முன்னால அக்காவப் பாத்தவன்" என்றார். "நான் ஏறினா அவன் எங்கன உக்காருவான்? அவன் போகாட்டா நான் பிளேன்ல போனதுதான் கணக்குல நிக்கும், அக்காவுக்கு ஆகாது." அக்கா அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்து இப்போதெல்லாம் பயப்படுவதில்லையாம். தாம்பரம் வீட்டில் தினமும் காலையில் கட்டிலருகே நாற்காலி போட்டு, அதில் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி வைக்கச் சொல்கிறார். முத்துச்செல்வி வைக்கிறாள். ஆறியதும் எடுத்துக் கொட்டுகிறாள்.

ஐப்பசி மழையில் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மறுநாள் காலை பத்து மணி போல முத்துச்செல்வியிடமிருந்து போன். நான் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தேன். "மாமா, அம்மா இன்னைக்குக் காப்பி வேண்டாங்காவ. நீங்க வரலியாம். காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடாம, மூச்சு வாங்கிக்கிட்டு படுத்திருக்காவ." தம்பிக்குக் காய்ச்சல் என்று அக்காவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு போர்வையைச் சுற்றிக்கொண்டு, மதினி கத்தக் கத்த, அண்ணாச்சி ஸ்டேஷனுக்குப் போனார். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

நேற்று நானும் கூடப் போயிருந்தேன். இப்போது அவர் பெட்டிக்குள் ஏறுவதில்லை. எஸ்-5இன் சன்னலுக்கு வெளியே, பிளாட்பாரத்தில் நிற்கிறார். உள்ளே அந்த இருக்கை காலியாக இருந்தது. ஒரு பையன் வேகமாக வந்து அதில் உட்காரப் போனான். "தம்பி, அங்கன ஆள் வாராவ" என்று சன்னல் வழியாகச் சொன்னார். அவன் சத்தமில்லாமல் வேறு இடம் தேடிப் போனான்.

கார்டு விசில் ஊதினார். அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து, யாராவது முழங்கை வைக்கும் அந்தச் சன்னல் விளிம்பைத் துடைக்கப் போனார். கை பாதியில் நின்றது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அழுக்கை அப்படியே விட்டுவிட்டு, வண்டியோடு இரண்டு எட்டு நடந்து, காலி இருக்கையைப் பார்த்துச் சொன்னார்:

"அக்காவக் கேட்டேன்னு சொல்லு."